ஆய்வும் ஆட்சியும்

ஒரு நாட்டுக்கு நேரும் இடர்கள் யாவும் ஒரே தன்மையன அல்ல. பாலமொன்று இடிந்தால் பொறியியலாளர் அதனைச் செப்பனிடுவார். கண்ணிற் புரை வளர்ந்தால் வைத்தியர் அதனை அகற்றுவார். இத்தகைய குறைகளை நீக்கும் அறிவு ஒரு துறையினுள் அடங்கியிருக்கிறது. அதனை உடையவரை அழைத்தால் காரியம் முடிந்துவிடும். ஆனால் வேறொரு வகை இடர்களும் உண்டு. நோயும் பசியும், நீரும் நிலமும், தொழிலும் குடிப்பெயர்வும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் இடர்கள் அவை. ஓரிழையைப் பிடித்து இழுத்தால் மற்றோரிழை இறுகும். இவற்றை விஞ்ஞானி தனித்து நின்று தீர்க்க முடியாது; அவருக்குக் கட்டளையிடும் அதிகாரமும் இல்லை, செலவிடும் பணமும் இல்லை. அரசாங்கமும் தனித்து நின்று தீர்க்க முடியாது. இடரின் காரணம் யாதென்பது அதற்குத் தெரியாது. இருவரும் கைகோத்து நடக்க வேண்டும் என்பதை எவரும் எளிதில் ஒப்புக்கொள்வர். எவ்வாறு கைகோப்பது, எவ்விடத்திற் கை நழுவும் என்பனவே ஆராயத்தக்க வினாக்கள். இவற்றுக்கு விடை தேடுவோர் தொலைதூரம் செல்ல வேண்டுவதில்லை. இலங்கையின் மாத்தளை மாவட்டத்திலுள்ள கலேவெலப் பகுதியின் வரலாற்றை நோக்கினாற் போதும்.

குருநாகலிலிருந்து தம்புள்ளையை நோக்கி வடகிழக்காகச் செல்லும் பெருவீதியில், தம்புள்ளைக்கு முன்னதாக அமைந்திருப்பது கலேவெல. மலைநாட்டின் குளிர்ச்சி அங்கு இல்லை. வடமத்திய சமவெளியின் கடும் வரட்சியும் முழுமையாக இல்லை. ஈரவலயமும் உலர்வலயமும் ஒன்றையொன்று தொட்டுப் பிரியும் இடைநிலம் அது. ஐப்பசியிலிருந்து தை வரை வடகீழ்ப் பருவக்காற்று மழை தரும். ஆண்டின் நடுப்பகுதியில் வெயில் வாட்டும். ஓயாக்கள் மாரியிற் கரைபுரண்டோடிக் கோடையில் மணல் தெரியக் கிடக்கும். தேவஹுவ முதலிய குளங்களின் நீரால் நெல் விளைகிறது. மேட்டு நிலத்திற் பெரிய வெங்காயமும் காய்கறியும் விளைகின்றன. முற்காலத்திற் காடு வெட்டிச் சுட்டுப் பயிரிடும் சேனைச் செய்கையே பலருக்குப் பிழைப்பாக இருந்தது. இவ்வூருக்கு வடக்கே, ஐந்தாம் நூற்றாண்டில் தாதுசேன மன்னன் கட்டுவித்த கலாவெவ பரந்து கிடக்கிறது. குளங்கட்டி நெல் விளைத்த பேரரசுகள் செழித்த இந்நிலம் பின்னர் பல நூற்றாண்டுகள் காடடர்ந்து கிடந்தது. அதற்கு வரலாற்றாசிரியர் போர், ஆட்சிச் சீர்கேடு, வாணிபத்தின் இடமாற்றம் எனப் பல காரணங்களைக் கூறுவர். அக்காரணங்களுள் ஒன்றாக எப்போதும் எண்ணப்பட்டு வந்தது மலேரியாக் காய்ச்சல். நிலத்தைக் காடு மூடியதற்குக் காய்ச்சல் காரணமாயிற்றோ, காடு மூடியமையாற் காய்ச்சல் பெருகிற்றோ என்பது இன்றும் வாதத்துக்குரியது. எனினும் இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் அங்கு குடியேற நினைத்தவனை அச்சுறுத்தியது யானையன்று, நுளம்பே என்பதில் ஐயமில்லை.

மலேரியாவின் காரணம் நெடுங்காலம் அறியப்படாதிருந்தது. சேற்று நிலத்திலிருந்து எழும் கெட்ட காற்றே அதனை உண்டாக்குகிறது என ஐரோப்பியர் எண்ணினர். அந்நோயின் பெயரும் அவ்வெண்ணத்தினின்று பிறந்ததே. 1880ஆம் ஆண்டில் அல்ஜீரியாவிற் பணிபுரிந்த பிரெஞ்சுப் படை வைத்தியர் லவெரான், நோயாளரின் குருதியில் ஒட்டுண்ணியைக் கண்டார். 1897ஆம் ஆண்டில் இந்தியாவின் செகந்திராபாத்தில் ரொனால்ட் ரொஸ், அனோபிலிஸ் என்னும் நுளம்பின் வயிற்றில் அவ்வொட்டுண்ணி வளர்வதைக் கண்டார். இவ்விரு கண்டுபிடிப்புகளும் உலகம் முழுவதுக்கும் பொருந்துவன. ஆனால் ஓர் ஊரிற் காய்ச்சலைத் தடுப்பதற்கு உலகப் பொதுவான உண்மை மட்டும் போதாது. அனோபிலிஸ் இனத்திற் பல சாதிகள் உண்டு. அவற்றுள் எது அவ்வூரில் நோயைப் பரப்புகிறது, அஃது எந்நீரில் முட்டையிடுகிறது, எப்பொழுது கடிக்கிறது, கடித்தபின் எங்கே தங்குகிறது என்பனவற்றை அவ்வூரிலேயே தேடி அறிய வேண்டும்.

இலங்கையில் இத்தேடலைச் செய்தவருள் முன்னணியில் நின்றவர் பூச்சியியலாளர் காட்டர். அவரும் உடன் உழைத்தோரும் ஓடைதோறும் கிணறுதோறும் குடம்பிகளைச் சேகரித்து ஆராய்ந்தனர். அனோபிலிஸ் குலிசிபேசிஸ் என்னும் சாதியே இத்தீவின் முதன்மையான நோய்காவி என்பது அவ்வாறு புலனாயிற்று. அச்சாதியின் இயல்பு வியப்புக்குரியது. அழுகல் நீரையும் அடர்ந்த சேற்றையும் அஃது அவ்வளவாக நாடுவதில்லை. வெயில் படும் தெளிந்த நீரே அதற்கு உவப்பானது. ஆற்றின் ஓட்டம் நின்று மணலிலும் பாறையிலும் சிறு சிறு குட்டைகள் தேங்கும்போது அவற்றிற் பல்கிப் பெருகும். வெள்ளம் வந்தால் குடம்பிகள் அடித்துச் செல்லப்படும். ஆகவே வழக்கமாக மழை பெய்யும் ஈரவலயத்தில் ஆறுகள் இடைவிடாது ஓடுவதால் நோய் குறைவாகவும், ஓயாக்கள் ஆண்டுதோறும் வற்றும் உலர்வலயத்தில் நோய் நிலைத்தும் இருந்தது. மழை பொய்த்தால் ஈரவலயத்து ஆறுகளும் நுளம்புத் தொட்டில்களாக மாறிவிடும் என்பது இவ்வறிவிலிருந்து பெறப்படும் முடிவு.

1934ஆம் ஆண்டில் அதுவே நிகழ்ந்தது. தென்மேற் பருவமழை பொய்த்தது. தெதுரு ஓயா, மகா ஓயா முதலிய ஆறுகள் குட்டைகளாயின. அவ்வாண்டின் இறுதி மாதங்களிற் கேகாலை, குருநாகல் முதலிய மாவட்டங்களிற் காய்ச்சல் காட்டுத்தீயெனப் பரவிற்று. 1935ஆம் ஆண்டின் முற்பகுதி முடிவதற்குள் ஏறத்தாழ 80,000 உயிர்கள் மாண்டன. உலர்வலயத்து மக்கள் இளமை முதல் காய்ச்சலோடு வாழ்ந்து ஓரளவு எதிர்ப்புச் சத்தி பெற்றிருந்தனர். ஈரவலயத்தவருக்கு அஃது இல்லை. அதனுடன் உலகப் பொருளாதார மந்தத்தால் வேலையின்மையும், மழையின்மையால் விளைச்சற் குறைவும் சேர்ந்திருந்தன. பட்டினியால் மெலிந்த உடலிற் காய்ச்சல் எளிதில் உயிரை மாய்த்தது. கொயினா மருந்தை மட்டும் கொடுத்தாற் போதாது, உண்ண உணவும் கொடுக்க வேண்டும் என்பதை நேரிற் கண்டவர் உணர்ந்தனர். சூரியமல் இயக்கத்தைச் சேர்ந்த இளைஞர் ஊரூராகச் சென்று மருந்தும் ஊட்டவுணவும் வழங்கினர். என். எம். பெரேரா முதலியோர் பொதுமக்களின் அன்பைப் பெற்றது இப்பணியினாலேயே.

இப்பேரழிவில் ஒரு செய்தியைக் கருத வேண்டும். காய்ச்சலின் காரணம் அப்போது அறியப்படாததன்று. ரொஸ் தம் கண்டுபிடிப்பை வெளியிட்டு முப்பத்தேழு ஆண்டுகள் கழிந்திருந்தன. இலங்கையின் நோய்காவி எதுவென்பதும் தெரிந்திருந்தது. 1911ஆம் ஆண்டிலேயே மலேரியாத் தடை இயக்கத்துக்கு வித்திடப்பட்டிருந்தது. இருந்தும் மழை பொய்த்த செய்தி ஓர் அலுவலகத்திலும், ஆறு வற்றிய செய்தி மற்றோர் அலுவலகத்திலும், நெல் விளையாத செய்தி வேறோர் அலுவலகத்திலும் தங்கிவிட்டன. மூன்றையும் ஒன்றாக வைத்து நோக்கி, வரப்போவது யாதென எச்சரிக்கும் ஏற்பாடு இல்லை. அறிவு இருந்தும் அவ்வறிவு ஆட்சியைச் சென்றடையும் பாதை இல்லாத நாட்டில், அறிவு புத்தகத்தில் உறங்கும், மக்கள் மாள்வர். கொள்ளைநோயின் பின்னர் சுகாதார நிலையங்களும் கிராமத்து மருந்தகங்களும் பெருகின. இழப்புக்குப் பின்னரே பாதை அமைக்கப்பட்டது.

இரண்டாம் உலகப் போரின் முடிவில் டி.டி.ரி. என்னும் பூச்சிகொல்லி கைக்கு வந்தது. நுளம்பு கடித்தபின் வீட்டுச் சுவரில் ஓய்வெடுக்கிறது என்பதைப் பூச்சியியலாளர் அறிந்திருந்தனர். ஆகவே சுவரில் மருந்தைத் தெளித்துவிட்டால் ஆற்றையும் குட்டையையும் தேடி அலைய வேண்டுவதில்லை. 1946ஆம் ஆண்டில் நாடளாவிய தெளிப்பு தொடங்கிற்று. அவ்வாண்டில் ஏறத்தாழ 28 இலட்சமாக இருந்த நோயாளர் தொகை விரைவாக வீழ்ந்தது. ஆயிரம் பேருக்கு 20 ஆக இருந்த ஆண்டு மரண விகிதம் அடுத்த ஆண்டே 14 ஆகக் குறைந்தது. இவ்வீழ்ச்சி முழுவதும் டி.டி.ரி.யின் பயனே எனச் சிலரும், போர் முடிந்தபின் உணவு நிலை சீரடைந்ததும் மருத்துவமனைகள் பெருகியதும் அதிற் பங்குடையன எனச் சிலரும் வாதிட்டனர். பின்னவர் கூற்றிலும் உண்மை உண்டு. எவ்வாறாயினும் உலர்வலயத்தின் கதவு திறந்துவிட்டது. காடு திருத்தப்பட்டது, குளங்கள் புதுக்கப்பட்டன, கலேவெலப் பகுதியிலும் அதற்கு வடக்கேயும் குடியேற்றங்கள் எழுந்தன. தம் பாட்டனார் அஞ்சி ஒதுங்கிய நிலத்திற் பேரர் நெல் விதைத்தனர்.

1963ஆம் ஆண்டில் இலங்கை முழுவதிலும் கண்டறியப்பட்ட மலேரியா நோயாளர் 17 பேர் மட்டுமே. அவர்களுள்ளும் பலர் வெளிநாட்டிலிருந்து நோயைக் கொண்டு வந்தவர். இருபத்தெட்டு இலட்சம் பதினேழானமை உலகமே வியந்த வெற்றி. அவ்வெற்றியினுள்ளேயே அடுத்த தோல்வியின் வித்தும் இருந்தது. நோய் ஒழிந்தது எனக் கருதித் தெளிப்பு நிறுத்தப்பட்டது. நோயாளரைத் தேடிச் செல்லும் பணியும் தளர்ந்தது. இல்லாத நோய்க்கு ஏன் பணம் என்னும் வினா எந்த அரசாங்கத்தின் மனத்திலும் எழக்கூடியதே. ஆனால் நோய் இல்லாதிருந்தமை இயற்கையின் கொடையன்று. நாள்தோறும் நடந்த உழைப்பின் பயன். 1967ஆம் ஆண்டிற் காய்ச்சல் மீண்டும் தலைதூக்கியது. 1969ஆம் ஆண்டில் நோயாளர் தொகை ஐந்து இலட்சத்தைக் கடந்தது. மீண்டும் தெளித்தபோது நுளம்பு டி.டி.ரி.க்கு எதிர்ப்புப் பெற்றுவிட்டது என்பது தெரிய வந்தது. 1970களின் நடுப்பகுதியில் மலத்தியன் என்னும் வேறு மருந்துக்கு மாற வேண்டியதாயிற்று. 1984ஆம் ஆண்டில் ஒட்டுண்ணியும் குளோரோகுயின் மருந்துக்கு எதிர்ப்புக் காட்டத் தொடங்கிற்று. பகைவன் ஓரிடத்தில் நிற்பவன் அல்லன். அவனை ஒருமுறை அறிந்தபின் ஆய்வுக்கூடத்தைப் பூட்டிவிட முடியாது.

இக்காலத்திலேயே நாட்டின் மிகப் பெரிய நீர்ப்பணி நடைபெற்றது. 1976ஆம் ஆண்டிற் பொல்கொல்லையில் மகாவலி கங்கை மறிக்கப்பட்டு, அதன் நீரின் ஒரு பகுதி மலையைக் குடைந்த சுரங்கத்தினூடாக மாத்தளை மாவட்டத்துக்குத் திருப்பப்பட்டது. சுது கங்கை, அம்பன் கங்கை வழியாக அந்நீர் பொவதென்னையை அடைந்து, அங்கிருந்து கலாவெவ முதலிய குளங்களுக்குச் சென்றது. வரண்ட வயல்கள் இருபோகம் விளைந்தன. பொறியியலின் நோக்கில் இஃது ஒரு சாதனை. ஆனால் நீர் திருப்பப்பட்ட இடத்துக்குக் கீழே மகாவலியின் ஓட்டம் மெலிந்தது; பாறைகளுக்கிடையே குட்டைகள் தேங்கின. முன்னர் மலேரியா அறியாத கண்டிப் பகுதிக் கரையோர ஊர்களில் 1980களின் பிற்பகுதியிற் காய்ச்சல் தோன்றியது. காட்டர் காலத்திலிருந்து அறியப்பட்டிருந்த நுளம்பின் இயல்பை அணையின் வரைபடத்தோடு ஒப்புநோக்கியிருந்தால் இதனை முன்னரே எதிர்பார்த்திருக்கலாம். நீர்ப் பொறியியலாளரும் நுளம்பு ஆய்வாளரும் ஒரே அரசாங்கத்தின் ஊழியராயினும் ஒரே மேசையில் அமரவில்லை.

பின்னர் அமர்ந்தபோது நற்பயன் விளைந்தது. பொவதென்னையிலிருந்து வரும் கால்வாயின் நீர் யான் ஓயாவின் மேற்பகுதி வழியாக ஹுருலுவெவக்குச் செல்கிறது. அவ்வோடையின் நீர்மட்டத்தையும் அதிலுள்ள குடம்பிகளையும் ஆய்வாளர் 1990களில் ஒன்றாக அளந்தனர். ஓடையில் நீர் ஓரளவுக்குக் கீழே இறங்கும்போதுதான் குட்டைகள் தோன்றிக் குடம்பிகள் பெருகின. அவ்வளவுக்கு மேல் நீர் நிற்கும்படி குளத்துக்கான நீரைத் திறந்துவிட்டால் ஒரு துளி மருந்தும் இன்றி நுளம்பைக் குறைக்கலாம் என அவர்கள் காட்டினர். எப்படியும் குளத்துக்குச் செல்ல வேண்டிய நீரே அது. செல்லும் நாளும் அளவும் மட்டுமே மாறுவன. இதுபோலவே மாத்தளை மாவட்டத்தின் கிழக்கெல்லையை அடுத்த எலஹெரப் பகுதியில் இரத்தினக்கல் தோண்டுவோர் மூடாது விட்ட குழிகளிற் குலிசிபேசிஸ் பெருகிற்று. நுளம்பின் வளர்ச்சியைத் தடுக்கும் பைரிபுரொக்சிபன் என்னும் பொருளை அக்குழிகளில் இட்டு, இடாத ஊர்களோடு ஒப்பிட்டு, காய்ச்சல் குறைவதை இலங்கை ஆய்வாளர் நிறுவினர். 2002ஆம் ஆண்டு தொடங்கிக் கமக்காரருக்கான வயல்வெளிப் பாடசாலைகளில் நெற்பூச்சியோடு நுளம்பும் பாடமாயிற்று. தம் வயலிற் குடம்பியைத் தாமே கண்டு எண்ணிய கமக்காரருக்கு அதன் பின்னர் அலுவலரின் அறிவுரை புதிதாகத் தோன்றவில்லை.

இவ்வனுபவங்கள் யாவும் ஒன்றுதிரண்ட காலம் 1990களின் பிற்பகுதியும் அதனையடுத்த பத்தாண்டுகளும் ஆகும். 1999ஆம் ஆண்டில் நோயாளர் தொகை இரண்டரை இலட்சத்துக்கு மேலிருந்தது. அதன் பின்னர் கையாண்ட முறைகளுள் எதுவும் தனியொன்றாகப் புதுமையானதன்று. அவற்றின் சேர்க்கையே புதியது. வீடு முழுவதும் ஒரே மருந்தை ஆண்டுதோறும் தெளிக்கும் வழக்கம் கைவிடப்பட்டது. நோய் எங்கே இருக்கிறது என வரைபடத்திற் குறித்து, அங்கே மட்டும் தெளித்தனர். நுளம்பு எதிர்ப்புப் பெறாதவாறு மருந்துகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்தினர். நெடுநாள் பயன்தரும் மருந்தூட்டிய நுளம்பு வலைகளை வழங்கினர். காய்ச்சலென்று வந்தவரின் குருதியைப் பூச்சாகத் தகட்டில் எடுத்து நுணுக்குக்காட்டியிற் பார்த்தபின்பே சிகிச்சை செய்தனர். மருந்தகத்துக்கு வர இயலாதவரை நாடி நடமாடும் வைத்தியக் குழுக்கள் சென்றன. பிராந்திய மலேரியா அலுவலர் ஒவ்வொருவரும் தம் பகுதியின் எண்களைத் தாமே ஆராய்ந்து முடிவு செய்யும் உரிமை பெற்றிருந்தனர். பல்கலைக்கழகங்கள் ஒட்டுண்ணியையும் நுளம்பையும் தொடர்ந்து ஆராய்ந்து தம் முடிபுகளை இயக்கத்துக்கு அளித்தன. குலிசிபேசிஸ் எனப்பட்டது உண்மையிற் பல உட்சாதிகளின் தொகுதி என்பதையும், அவற்றுள் எது நோயைப் பரப்புகிறது என்பதையும் தெளிவுபடுத்திய ஆய்விலே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தாருக்கும் பங்கு உண்டு.

இவையனைத்தும் உள்நாட்டுப் போர் நடந்த காலத்தில் நிகழ்ந்தன என்பதை மறத்தலாகாது. மலேரியா மிகுதியாக இருந்த வடக்கும் கிழக்குமே போர்க்களமாகவும் இருந்தன. சாலைகள் மூடப்பட்டன, மருந்தும் வலையும் சோதனைச் சாவடிகளைக் கடந்து செல்ல வேண்டியிருந்தது. இருந்தும் சுகாதார ஊழியர் இருபக்கத்தும் பணிபுரிய இடமளிக்கப்பட்டது. தெளிப்பான் தாங்கிச் சென்ற ஊழியர் எந்நேரமும் உயிரைப் பணயம் வைத்தே சென்றனர். 2011ஆம் ஆண்டில் நாட்டின் நோயாளர் தொகை இருநூறுக்கும் கீழே வந்தது. உள்நாட்டிலே தொற்றிய கடைசி நோயாளர் 2012ஆம் ஆண்டு ஒக்ரோபரிற் கண்டறியப்பட்டார். 2016ஆம் ஆண்டு செப்டெம்பர் 5ஆம் நாள் உலக சுகாதாரத் தாபனம் இலங்கையை மலேரியா அற்ற நாடென அறிவித்தது. தென்கிழக்காசிய வலயத்தில் மாலைதீவுக்கு அடுத்து இச்சிறப்பைப் பெற்ற நாடு இலங்கையே.

இவ்வெற்றியை நினைந்து, இனி எல்லா இடர்களையும் இவ்வாறே வெல்லலாம் என எண்ணுவது தவறாகும். உலர்வலயத்து மக்களை இன்று வருத்தும் வேறொரு நோயை நோக்கினால் இது விளங்கும். 1990களில் வடமத்திய மாகாணத்திற் கமக்காரரிடையே காரணம் புலப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய் கண்டறியப்பட்டது. மாத்தளை மாவட்டத்தின் வில்கமுவப் பகுதியும் அதனாற் பாதிக்கப்பட்டது. நீரின் கடினத்தன்மை, புளோரைட்டு, கட்மியம், விவசாய இரசாயனங்கள், வெப்பத்தில் நெடுநேரம் நீரின்றி உழைத்தல் எனப் பல காரணங்கள் கூறப்பட்டன. சுகாதார அமைச்சும் உலக சுகாதாரத் தாபனமும் சேர்ந்து நடத்திய ஆய்வும் ஒரே காரணத்தை ஐயமறக் காட்டிவிடவில்லை. மலேரியாவில் ஒரு நுளம்பும் ஓர் ஒட்டுண்ணியும் குற்றவாளிகளாக நின்றன. இங்கோ குற்றவாளி யாரென்றே வழக்கு நடக்கிறது. இந்நிலையில் 2015ஆம் ஆண்டிற் கிளைபோசேற் என்னும் களைகொல்லி தடைசெய்யப்பட்டது. சான்று போதாது என விஞ்ஞானிகள் பலர் கூறினர். தேயிலைத் தோட்டங்கள் களையால் இடருற்றன. 2018ஆம் ஆண்டில் அத்தடை தளர்த்தப்பட்டது. அதே வேளையில், காரணம் எதுவாயினும் தூய குடிநீர் தீமை பயக்காது என்னும் எளிய எண்ணத்துடன் ஊர்களில் நீர் சுத்திகரிப்பு நிலையங்கள் அமைக்கப்பட்டன. உறுதி இல்லாதபோது, பிழைத்தாலும் கேடு தராத செயலை முதலிற் செய்வது அறிவுடைமை.

2021ஆம் ஆண்டு நடந்ததோ இதற்கு நேர்மாறானது. அவ்வாண்டு மே மாதத்தில் இரசாயனப் பசளையின் இறக்குமதி ஒரே கட்டளையால் நிறுத்தப்பட்டது. மண்ணையும் மக்களின் உடல்நலத்தையும் காப்பது நோக்கமெனச் சொல்லப்பட்டது. அந்நியச் செலாவணித் தட்டுப்பாடும் பின்னணியில் இருந்தது. நோக்கத்தை எவரும் குறை கூறவில்லை. ஆனால் சேதனப் பசளை போதிய அளவு எங்கிருந்து வரும், நெற்பயிருக்கு வேண்டிய நைதரசனை அது தருமா, மாற்றத்துக்கு எத்தனை ஆண்டுகள் வேண்டும் என்பவற்றை விவசாய விஞ்ஞானிகள் வினவினர். அவர்களின் எச்சரிக்கை செவிசாய்க்கப்படவில்லை. கமக்காரர் வீதிக்கு வந்தனர். நவம்பர் மாதத்திற் கட்டளை மீட்டுக்கொள்ளப்பட்டது. ஆயினும் பெரும்போகத்து விளைச்சல் பெரிதும் வீழ்ந்துவிட்டது. அரிசியில் ஏறத்தாழத் தன்னிறைவு பெற்றிருந்த நாடு அடுத்த ஆண்டில் அதனை வெளியிலிருந்து தருவிக்க நேர்ந்தது. கலேவெல, தம்புள்ளை போன்ற விளைநிலப் பகுதிகளில் ஒரு போகம் தவறுவதென்பது ஏட்டிற் பதியும் எண் அன்று. கடன்பட்டு விதைத்தவன் வீட்டில் அடகுக்குப் போகும் நகை அது. பிள்ளையின் படிப்பு அது. எலஹெரவிற் சில குழிகளில் இட்டுப் பார்த்து, இடாத ஊர்களோடு ஒப்பிட்டு, பின்னர் விரித்த அதே நாட்டில், பசளையை மட்டும் நாடு முழுவதும் ஒரே நாளில் நிறுத்திப் பார்த்தமை வருந்தத்தக்கது.

இம்மூன்று வரலாறுகளையும் அருகருகே வைத்து நோக்கினால் சில உண்மைகள் புலனாகும். விஞ்ஞானியின் கடமை தாம் அறிந்ததைச் சொல்வது; அதனினும் பெரிது, தாம் எவ்வளவு உறுதியாக அறிந்திருக்கிறார் என்பதைச் சொல்வது. ஐயத்தை மறைத்து உறுதி கூறுபவர் ஒருநாள் பொய்ப்பார். பொய்த்தபின் அவர் கூறும் மெய்யையும் எவரும் நம்பார். அரசாங்கத்தின் கடமையோ முடிவு செய்வது. முழு உறுதி கிட்டும்வரை காத்திருக்க ஆட்சியாளரால் முடியாது; மக்கள் இன்றே நீர் அருந்துகின்றனர், இன்றே விதைக்கின்றனர். ஆகவே சிறிய அளவிற் செய்து பார்த்தல், பயனை அளத்தல், அளந்தபடி திருத்துதல் என்னும் மூன்றும் ஆட்சியின் வழக்கமாக வேண்டும். தன் முடிவைத் திருத்திக்கொள்ளும் அரசாங்கத்தை வலுவற்றதென இகழும் பொதுமக்களும் இக்குறையிற் பங்குடையவரே.

துறைகளுக்கிடையே எழுந்து நிற்கும் சுவரும் நீங்க வேண்டும். நுளம்புக்குத் திணைக்கள எல்லை தெரியாது; அது நீர்ப்பாசனத் திணைக்களத்தின் ஓடையிற் பிறந்து, சுகாதாரத் திணைக்களத்தின் நோயாளியைக் கடிக்கிறது. ஆகவே கால்வாய் வெட்டத் திட்டமிடும் நாளிலேயே வைத்தியரும் பூச்சியியலாளரும் மேசையில் இருத்தல் வேண்டும். இதற்கெனப் பெரிய சபைகளை அமைப்பதிலும், மாவட்டத்து அலுவலர் மாதமொருமுறை கூடித் தத்தம் எண்களை ஒப்புநோக்குவதே பயன் தரும். மலேரியாவை வென்றவற்றுள் ஒன்று, எண்கள் கொழும்புக்குச் சென்று மீளும்வரை காத்திராது, பிராந்தியத்திலேயே செயலாக மாறியமை.

விஞ்ஞானிக்கும் ஆட்சியாளருக்கும் இடையே மூன்றாம் ஒருவர் நிற்கிறார். அவரே பொதுச் சுகாதாரப் பரிசோதகர், குருதிப் பூச்சு எடுக்கும் களப்பணியாளர், விவசாய விரிவாக்க அலுவலர். ஆய்வுக்கூடத்தின் சொல்லைக் கிராமத்தின் மொழியிற் சொல்பவரும் அவரே. கிராமத்தின் துயரை ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துச் செல்பவரும் அவரே. சிங்களம் பேசும் ஊருக்கும் தமிழ் பேசும் ஊருக்கும் அவரவர் மொழியிற் செல்லாத அறிவுரை, சொல்லப்படாத அறிவுரையே. இவ்வூழியரைக் கூலியாளாகக் கருதும் நிருவாகம் தன் கண்ணையும் காதையும் தானே மூடிக்கொள்கிறது. அவர் தரும் செய்தியில் ஐயமும் முரணும் இருப்பினும் அதனைப் பொறுமையுடன் கேட்டல் வேண்டும். யான் ஓயாவின் நீர்மட்டத்தை அளந்தவரும் எலஹெரவின் குழிகளை எண்ணியவரும் வெயிலில் நின்று அளந்தவரே.

யாவற்றிலும் அரியது, வெற்றிக்குப் பின்னும் விழித்திருத்தல். ஆபிரிக்காவிலும் இந்தியாவிலும் தொழில் புரிந்தும் யாத்திரை சென்றும் மீள்பவருள் சிலர் இன்றும் ஆண்டுதோறும் மலேரியாவுடன் வருகின்றனர். குலிசிபேசிஸ் இந்நாட்டைவிட்டுப் போய்விடவில்லை. ஓயாக் குட்டைகளில் இன்றும் பிறக்கிறது. 2016ஆம் ஆண்டின் இறுதியில் மன்னாரில் அனோபிலிஸ் ஸ்டெபென்சி என்னும் வேறொரு நோய்காவியும் கண்டறியப்பட்டது. அது நகரத்துக் கிணற்றிலும் நீர்த்தொட்டியிலும் வளரக்கூடியது. இந்திய நகரங்களில் மலேரியாவைப் பரப்புவது. அதனைக் கண்டுபிடித்தவர், நோய் ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டபின்னும் குடம்பி தேடும் பணியை நிறுத்தாதிருந்த மலேரியாத் தடை இயக்கத்துப் பூச்சியியலாளரே. 1963ஆம் ஆண்டுக்குப் பின் செய்யத் தவறியதை இம்முறை செய்தமையால் வந்த பயன் இது.

காய்ச்சல் என வந்த ஒருவரிடம், அண்மையில் எந்நாட்டுக்குச் சென்றீர் என வைத்தியர் வினவுவதும், ஒரு துளிக் குருதியைத் தகட்டில் எடுத்து நுணுக்குக்காட்டியின் கீழ் வைப்பதும் மிகச் சிறிய செயல்கள். நூற்றுக்கணக்கான தகடுகளில் ஒன்றிலேனும் ஒட்டுண்ணி காணப்படாது. அவ்வெறுந் தகடுகளைப் பார்ப்பதற்கு ஊதியம் வழங்க ஓர் அரசாங்கம் ஆண்டுதோறும் மனமிசைவதும், காணாததைத் தேடி ஓர் ஊழியர் நாள்தோறும் கண்ணயராதிருப்பதும் ஆய்வும் ஆட்சியும் உண்மையிற் சேர்ந்து நிற்கும் நாட்டிலேதான் நிகழும். 1934, 1935ஆம் ஆண்டுகளில் அந்நோயால் ஏறத்தாழ எண்பதாயிரம் உயிர்களை இழந்த தீவில் இன்று குழந்தைகள் மலேரியாவை அறியாது வளர்கின்றனர். அவர்கள் அதனை என்றும் அறியாதிருப்பது, அவ்வெறுந் தகடுகளைப் பார்ப்பவர் தம் பணியை விடாதிருப்பதைப் பொறுத்தது.